உட்லண்ட்ஸ் ரயில் நிலையம்: அஞ்சு நிமிஷப் பயணத்துக்குப் பின்னால் நூறு வருஷக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமா தள்ளிட்டுப் போகாம, நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படிங்க. ரயில்வேயில வேலை பார்த்த குடும்பத்துல இருந்து வந்தவங்க கட்டாயம் கடைசி வரைக்கும் படிங்க. உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் இருக்கு.

சில மாதங்களுக்கு முன்னால நம்ம கோயில் தொண்டூழியர்கள் ஒரு பதினைந்து பேர் ஜொகூர் பாரு அருள்மிகு இராஜகாளியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். சனிக்கிழமை பஸ் வரிசை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால முன்கூட்டியே ரயில் டிக்கெட் எடுத்துட்டோம். உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியில கடப்பிதழைக் காட்டி, சிங்கப்பூர் முகப்பு, மலேசியா முகப்பு இரண்டையும் தாண்டி நடைமேடைக்குப் போனா, பெரிசா ஒண்ணும் இல்லை. ரயில் கிளம்பி, கடற்பாலத்தைத் தாண்டி, அஞ்சு நிமிஷத்துல ஜேபி சென்ட்ரல்.

கூட வந்த பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டான். "என்னண்ணே, உட்காரக்கூட நேரமில்லை, அதுக்குள்ள வந்துருச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு எதுக்கு ஒரு ரயிலு, ஒரு ஸ்டேஷனு?"

எனக்கு அப்போ சரியா பதில் சொல்லத் தெரியலை. "பழைய ரயிலுப்பா" அப்படின்னு சொல்லி சமாளிச்சுட்டேன். ஆனா கேள்வி மனசுலயே இருந்துச்சு. அப்புறம் நூலகத்துல தேடி, பெரியவங்க சிலரைக் கேட்டு, தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். இப்போ இருக்கிற கட்டடம் பழசு இல்லை. 1998இல் திறந்தது. ஆனா உட்லண்ட்ஸ் கரையோரத்துக்கு ரயில் வந்தது 1903இல். அந்த நிலையத்தோட நிலைமை இதுவரைக்கும் பல தடவை மாறியிருக்கு. முதல்ல அது கடைசி நிறுத்தம். அப்புறம் ரயில் கடந்து போற வழி. அப்புறம் நாட்டின் எல்லை. இப்போ மறுபடியும் கடைசி நிறுத்தம்.

சிங்கப்பூரின் முதல் ரயில் பாதைக்குப் பேர் சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில்வே. 1900இல் வேலை ஆரம்பிச்சது. 1903 ஜனவரி 1ஆம் தேதி டேங்க் ரோட்டில் இருந்து புக்கிட் தீமா வரைக்கும் ரயில் ஓடியது. அதே வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி பாதை உட்லண்ட்ஸ் வரைக்கும் நீண்டது. டேங்க் ரோடு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தைப்பூசத்துக்குக் காவடியும் பால்குடமும் போய்ச் சேருகிற ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில். அந்தக் கோயில் 1859இல் எழுந்தது. ரயில் வரும்போது கோயிலுக்கு வயசு நாற்பதுக்கு மேல. ஏறக்குறைய முப்பது வருஷம், அதாவது 1932 வரைக்கும், சிங்கப்பூரின் தலைமை ரயில் நிலையம் முருகன் கோயிலுக்குப் பக்கத்துலதான் இருந்தது.

அந்தப் பாதையோட வடக்கு முனைதான் உட்லண்ட்ஸ். அப்போ கடற்பாலம் கிடையாது. ரயில் கரையோரம் வந்து நிற்கும். மூட்டை முடிச்சோட இறங்கி, படகுத்துறைக்கு நடந்து, படகு ஏறி ஜொகூர் நீரிணையைக் கடக்கணும். 1909இல் ஜொகூர் மாநில ரயில் பாதை முடிஞ்சதும் அந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் இருந்து வடக்கே பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற பிறை வரைக்கும் தண்டவாளம் தொடர்ச்சியா இருந்தது. நடுவுல தண்ணீர் மட்டும்தான் தடை. சரக்கு வண்டிகளை இறக்கி ஏற்ற முடியாதுன்னு, ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றிக் கடத்தினாங்க. ரப்பரும் ஈயமும் பெருகப் பெருக, படகு போதவில்லை.

அதுக்குப் பிறகுதான் கடற்பாலம். 1920 ஏப்ரல் 24ஆம் தேதி அடிக்கல். அன்றைய ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லிமார்ட் நாட்டினார். இதைப் பாலம்னு சொல்றோமே தவிர, உண்மையில இது கருங்கல்லைக் கடலில் கொட்டிக் கொட்டி எழுப்பின கரை. கல் எல்லாம் புலாவ் உபினில் இருந்தும் புக்கிட் தீமாவில் இருந்தும் வெட்டியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்தாங்க. செலவு சுமார் 17 மில்லியன் வெள்ளி. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 1,056 மீட்டர். மேலே ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் சாலை.

1923 செப்டம்பர் 17ஆம் தேதி சரக்கு ரயில் கடந்தது. அக்டோபர் 1ஆம் தேதி பயணிகள் ரயில் கடந்தது. அதிகாரபூர்வத் திறப்பு விழா 1924 ஜூன் 28. அன்றைக்கு ஜொகூர் சுல்தானாக இருந்தவர் சுல்தான் இப்ராஹிம். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

கடற்பாலம் வந்ததும் உட்லண்ட்ஸ் நிலையத்துக்கு இருந்த முக்கியத்துவம் போயிடுச்சு. இருபது வருஷம் எல்லாரும் இறங்கி நடந்த இடத்துல, ரயில் நேரா பாலத்துல ஏறிப் போக ஆரம்பிச்சது. பாருங்க, ஒரு ஊரை இணைக்கிறதுக்காகக் கட்டின பாலமே அங்கிருந்த நிலையத்தைச் சின்னதாக்கிடுச்சு.

இதற்கிடையில 1918இல் இன்னொரு காரியம் நடந்தது. சிங்கப்பூர் ரயில்வேயை மலாயாவின் கூட்டு மாநில ரயில்வே வாங்கியது. அதற்கான சட்டப்படி ரயில் நிலத்தில் பெரும்பகுதி 999 வருஷக் குத்தகைக்குப் போனது. அப்போ இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஆட்சி. அதனால யாரும் பெரிசா கவலைப்படலை. ஆனா பின்னாடி தலைவர்கள் இருபது வருஷம் பேசித் தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினைக்கு விதை அந்தக் காகிதம்தான்.

1932இல் பாதையின் தெற்குப் பகுதி மாறியது. டேங்க் ரோடு நிலையம் மூடப்பட்டு, மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தது. புக்கிட் தீமாவுக்கும் புது நிலையம் வந்தது. அங்கே ஒரு பழைய முறை கடைசி வரைக்கும் இருந்தது. ஒற்றைப் பாதை என்பதால எதிரும் புதிரும் ரயில் வந்துடக் கூடாதில்லையா? அதுக்கு 'டோக்கன்' என்று ஒரு சாவி மாதிரி உலோகத் துண்டு. அது கையில் இருந்தால்தான் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் ரயிலை விடலாம். நிலைய ஊழியர் அதை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி நீட்ட, ஓடுற ரயிலில் இருந்து கையை நீட்டி வாங்கிக்குவாங்க. வயசானவங்க பலர் இதைக் கண்ணால பார்த்திருக்காங்க.

சரி, இந்தப் பாதையில யார் வேலை பார்த்தாங்க? இங்கதான் நம்ம கதை வருது.

மலாயா ரயில்வேயில் நம்மவர்கள் இல்லாத இடமே இல்லைன்னு சொல்லலாம். நிலைய அதிபர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய. தண்டவாளப் பராமரிப்பில் தமிழ்நாட்டில் இருந்து வந்த தொழிலாளர்கள். அந்த வேலை லேசானது இல்லை. இந்த ஊர் மழைக்கும் வெயிலுக்கும் மரச் சிலிப்பர் கட்டை சீக்கிரம் உளுத்துப் போகும். அதை மாத்தணும், சல்லிக்கல் அடிச்சு இறுக்கணும், புல்லு செதுக்கணும். ஆணி கழண்டிருக்கான்னு பார்த்துக்கிட்டே மைல் கணக்கா நடக்கணும். பாம்பு, பூரான், மலேரியா எல்லாம் உண்டு. அப்படி வேலை செய்தவங்களுக்குத் துணையா இருந்தது யாரு? பாதை ஓரத்துல ஒரு மரத்தடி, ஒரு கல், ஒரு சூலம், ஒரு விளக்கு. முனியாண்டி.

குவீன்ஸ்டவுனில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலை எடுத்துக்குங்க. 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு குடிசைக் கோயிலா ஆரம்பிச்சது. தஞ்சோங் பகார் பாதை வந்த அதே வருஷம். பிறகு வளர்ந்து, 1998இல் காமன்வெல்த் டிரைவில் இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது. அந்தப் பக்கம் ஜொகூர் பாருவில், நாங்க போன இராஜகாளியம்மன் கோயிலும் தண்டவாளத்து ஓரம்தான். 1922இல் ஜொகூர் சுல்தான் கொடுத்த இடத்தில் சின்னக் குடிசையா ஆரம்பிச்சது. இன்னைக்கு உள்ளே முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதிச்சு மின்னுது. கடற்பாலத்தில் ரயில் ஓட ஆரம்பிச்சதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அம்மன் அங்க உட்கார்ந்துட்டா.

மறுபடியும் உட்லண்ட்ஸுக்கு வருவோம். 1942 ஜனவரி 31ஆம் தேதி, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தது. சுமார் 70 அடிக்கு இடைவெளி. தண்டவாளமும் போச்சு, தண்ணீர்க் குழாயும் போச்சு. ஜப்பானியர் அதைச் சீக்கிரமே சரி பண்ணிட்டாங்க. அந்த வருஷம் ஜூன் மாதத்தில் இருந்து சிங்கப்பூரில் பிடிபட்ட போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைச்சு இதே பாதை வழியாத்தான் சயாமில் உள்ள பான்போங் வரைக்கும் கொண்டு போனாங்க. சயாம்–பர்மா மரண ரயில் பாதை வேலைக்கு. மலாயாத் தோட்டங்களில் இருந்து போன தமிழர்கள் வடக்கே இருந்த நிலையங்களில் ஏற்றப்பட்டாங்க. உட்லண்ட்ஸில் அல்ல. ஆனா தண்டவாளம் ஒண்ணுதான். கைதிகளாகப் போய் இறந்த ராணுவ வீரர்களுக்குக் காஞ்சனபுரியில் பேர் பொறிச்ச கல்லறைகள் வரிசையா இருக்கு. நம்ம தோட்டத்து ஜனங்களுக்கு அப்படிப் பேர் பேரா கல்லறை இல்லை. எத்தனை பேர் இறந்தாங்கன்னுகூட ஒரு கணக்கில்லை. இந்த வேறுபாட்டை மனசுல வச்சுக்குங்க. நான் கடைசியில சொல்லப்போறதுக்கு இதுதான் காரணம்.

போர் முடிந்தது. 1963இல் மலேசியா, 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிரிவு. ஒரே நாளில் உட்லண்ட்ஸ் எல்லை ஊராகிவிட்டது. 1967இல் கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. அண்ணன் ஜேபியில், தம்பி செம்பவாங்கில் என்று இருந்த குடும்பங்களுக்குக் கடப்பிதழ் தேவைப்பட்டது. ஆனா ரயிலுக்கு மட்டும் ஒரு விசித்திரம். பாதையும் தஞ்சோங் பகார் நிலையமும் மலேசிய ரயில்வேயிடம். சுற்றி இருந்தது எல்லாம் சிங்கப்பூர்.

1990 நவம்பர் 27ஆம் தேதி லீ குவான் இயூவும் டாயிம் ஜைனுதீனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க. லீ பிரதமர் பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தின நாள் அது. தஞ்சோங் பகாரை விட்டு ரயில் நிலையம் நகரும், நிலத்தைச் சேர்ந்து மேம்படுத்தலாம் என்பது அதன் சாரம். ஆனா எப்போ, எப்படி என்பதில் இரண்டு நாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. 1998 ஆகஸ்ட் 1ஆம் தேதி சிங்கப்பூர் தன்னோட குடிநுழைவு முகப்பை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. நாம இப்போ பார்க்கிற சின்ன நிலையம் அதுதான். மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்தது.

அந்தக் காலத்துல ரயில் ஏறினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழையும் சோதனை முதல்ல. அப்புறம் சிங்கப்பூருக்குள்ளேயே ரயிலில் உட்கார்ந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் வரணும். அங்கே மூட்டையோட இறங்கி, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனை. அதாவது ஒரு நாட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே இன்னொரு நாட்டுக்குள் நுழைஞ்சாச்சு! பதிமூணு வருஷம் இப்படியே நடந்தது. எங்க கோயில் பெரியவர் ஒருத்தர் சொல்லிச் சிரிப்பார், "அந்த நாப்பது நிமிஷம் நான் எந்த நாட்டுல இருந்தேன்னு முருகனுக்குத்தான் தெரியும்."

2010 மே 24ஆம் தேதி பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப்பும் முடிவுக்கு வந்தாங்க. ரயில் உட்லண்ட்ஸோடு நிற்கும். ரயில் நிலத்துக்குப் பதிலா மரினா சவுத்திலும் ஓஃபிர்–ரோச்சோரிலும் நிலம். இன்னைக்கு அங்க நிற்கிற மரினா ஒன், டுவோ கட்டடங்கள் அந்த உடன்பாட்டில் வந்தவை.

2011 ஜூன் 30 இரவு. தஞ்சோங் பகாரில் நிற்க இடமில்லாத கூட்டம். கடைசி ரயிலை ஓட்டிக்கிட்டுப் போனவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். கடற்பாலம் திறந்த காலத்தில் இருந்த அந்த சுல்தான் இப்ராஹிமின் கொள்ளுப்பேரன். முப்பாட்டன் காலத்தில் வந்த ரயிலைப் பேரன் ஓட்டி வெளியே கொண்டு போனார்.

மறுநாள், 2011 ஜூலை 1, உட்லண்ட்ஸ் மறுபடியும் கடைசி நிறுத்தம் ஆனது. 1923க்குப் பிறகு முதல் முறையா. தெற்கே இருந்த தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தாங்க. அந்த 24 கிலோமீட்டர்தான் இப்போ நாம காலையில நடக்கிற ரயில் பசுமைப் பாதை. புக்கிட் தீமா நிலையத்தைப் பாதுகாத்து, 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாங்க. நல்ல காரியம்.

2015 ஜூலை 1ஆம் தேதி இன்னும் ஒரு மாற்றம். நெடுந்தூர ரயில்கள் ஜேபி சென்ட்ரலோடு நின்றன. உட்லண்ட்ஸுக்கு வருவது தெப்ராவ் ஷட்டல் மட்டும். அந்தத் தம்பி கேட்ட அஞ்சு நிமிஷ ரயில் இதுதான். அவன் பார்த்தது ஒரு நீண்ட பாதையோட கடைசித் துண்டு. கோவிட் காலத்தில் 2020 மார்ச்சில் அதுவும் நின்றது. 2022 ஜூன் 19ஆம் தேதி மறுபடி ஓடினபோது, இரண்டு வருஷம் பிள்ளைகளைப் பார்க்காத அப்பா அம்மாக்கள் அதில் இருந்தாங்க.

இப்போ அதுக்கும் நாள் குறிச்சாச்சு. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் தயாராக வேண்டும் என்பது இலக்கு. அது ஓட ஆரம்பிச்சு ஆறு மாதத்துக்குள் தெப்ராவ் ஷட்டல் நிறுத்தப்படும் என்பது முன்பே முடிவானது. நான் புது ரயிலுக்கு எதிரி இல்லை. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும் ரயில் எங்கே, முன்னூறு சொச்சம் பேர் ஏறுகிற ஷட்டல் எங்கே? விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து கடற்பாலத்தில் நிற்கிற நம்ம ஆளுங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனா ஷட்டல் நிற்கும் அன்று, 1903இல் டேங்க் ரோட்டில் கிளம்பின அந்தப் பழைய ரயில் பாதையின் ஓட்டம் சிங்கப்பூரில் முடிஞ்சிடும்.

கட்டடத்துக்கு என்ன ஆகும் என்பது அரசாங்கத்தின் கையில். நம்ம கையில என்ன இருக்கு?

ரயில் வரலாற்றைத் தேடினப்போ எனக்கு ஒண்ணு உறைச்சது. ஆளுநர் பேர் இருக்கு, சுல்தான் பேர் இருக்கு, கல்லின் கணக்கு இருக்கு, பணத்தின் கணக்கு இருக்கு. தண்டவாளத்தை ஐம்பது வருஷம் தாங்கிப் பிடிச்சவங்க "இந்தியத் தொழிலாளர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடிஞ்சுடுறாங்க. அவங்க பேர் எங்கயாவது இருக்கும்னா, அது பழைய கும்பாபிஷேக மலர்களில்தான். உபயதாரர் பலகையில்தான். "ரயில்வே குவார்ட்டர்ஸ்" என்று முகவரி போட்டு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கொடுத்தவங்க பட்டியலை நான் ஒரு பழைய மலரில் பார்த்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடிச்ச காசு. ரயில்வே ஆவணத்தில் அவங்க ஒரு எண்ணிக்கை. கோயில் மலரில்தான் அவங்களுக்குத் தகப்பன் பேரோட ஒரு பேர்.

அதனால என் வேண்டுகோள் இதுதான். உங்க தாத்தா, அப்பா, மாமா, சித்தப்பா யாராவது ரயில்வேயில் இருந்திருந்தா, இந்த வாரமே அவங்களோட, இல்லை அவங்களைத் தெரிஞ்சவங்களோட உட்காருங்க. பேர், சொந்த ஊர், எந்த வருஷம் கப்பல் ஏறினார், எந்த நிலையத்தில், என்ன வேலை, எந்த குவார்ட்டர்ஸ், எந்தச் சாமியைக் கும்பிட்டார். நோட்டுப் புத்தகத்துல எழுதுங்க. பழைய படம், சம்பளச் சீட்டு, விளக்கு, விசில் எது இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க, படம் எடுத்து வைங்க. உங்க கோயில் நிர்வாகத்துக்கிட்ட ஒரு பிரதி கொடுங்க. அடுத்த கும்பாபிஷேக மலரில் அதுக்கு நாலு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்க. பழைய மலர்கள் கோயில் அறையில கரையான் அரிக்கக் கிடந்தா, இளைஞர்கள் முன்வந்து ஸ்கேன் பண்ணி வைங்க. இதுவும் உழவாரப் பணிதான்.

இன்னொண்ணு. முடிஞ்சா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை அந்த ஷட்டல்ல போயிட்டு வாங்க. கடற்பாலத்தில் ஏறும்போது கீழே இருக்கிற கருங்கல்லைக் காட்டுங்க. ஜேபியில் இறங்கி அம்மனைக் கும்பிட்டு, பக்கத்துல ஓடுற தண்டவாளத்தையும் காட்டுங்க.

அந்தத் தம்பிக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "எங்க பாட்டி, அவங்க அப்பா தண்டவாளத்துல வேலை பார்த்தார்னு சொல்லுவாங்கண்ணே. பேரு எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கேக்கறேன்" அப்படின்னான்.

கேட்டுட்டு வந்து சொன்னான். பேரை எழுதி வச்சிருக்கோம்.

முனீஸ்வரன் துணை.